ஏழு வயதுக்கு மேல் பழுது கிடையாது

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: ரேடியேட்டர் கூலன்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் புகுவது – அதைக் கண்டுகொள்ளாத விதியைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூரிலிருந்து எழுதுகிறேன். ஆயுளைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கு உரிமை உண்டு. 16 வயதோடு முடிய வேண்டிய மார்க்கண்டேயனுக்காகக் காலனையே காலால் உதைத்த சாமி இங்கேதான் இருக்கிறார். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று பேரன் பேத்திகளோடு வந்து மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர்கள் நாங்கள். எங்களில் சிலர் இடது காலுக்கு ஓய்வு கொடுக்க ஆசைப்பட்டு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறிவிட்டோம்.

இந்தக் கியர்பாக்ஸ் எண்ணெயில் ஓடுகிறது, எண்ணெய் சூடாகும். அதைக் குளிர்விக்கப் பல கம்பெனிகள் சிக்கனமாக ஒரு வழி செய்திருக்கின்றன. ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே சிறிய கூலரைப் புதைத்து, அதற்குள் கியர் எண்ணெயை ஓடவிடுகிறார்கள். வெளியே கூலன்ட், உள்ளே எண்ணெய், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். அரித்தோ விரிசல் விட்டோ அந்தச் சுவர் போனால் இரண்டும் கலந்துவிடும்.

கலக்கிற நேரத்தையும் கவனியுங்கள். வண்டி ஓடும்போது எண்ணெய்க்கும் அழுத்தம் இருக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் கியர்பாக்ஸ் பம்ப் நின்றுவிடும். சூடான ரேடியேட்டரில் மட்டும் அழுத்தம் மிச்சமிருக்கும். கூலன்ட் உள்ளே தள்ளப்படுவதற்கு அதுதான் முகூர்த்தம். தம்பதி ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, டிரைவர் டீக்கடையில் நிற்க, நிழலில் போட்ட வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும்.

உள்ளே கிளட்ச் தட்டுகளில் காகிதம் போன்ற உராய்வுப் பட்டைகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பட்டால் அவை ஊறி உரியும். சிவப்பு எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும். அந்த நிறத்தை நாம் பார்க்கும்போது பெரும்பாலும் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய கட்டம் வந்திருக்கும்.

முன்கூட்டியே பார்க்கலாமே என்பீர்கள். எண்ணெய் பார்க்கும் கம்பியைப் பல புது வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். சில கம்பெனிகள் இந்த எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கின்றன. அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட அபிராமி பட்டருக்காக எங்கள் அம்மன் தோட்டைக் கழற்றி வானில் வீசினாள். கம்பெனிக்காரர் சொல்லைக் காப்பாற்றவும் அவளே வருவாள் என்று நம்புகிறீர்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் அந்த நம்பிக்கை இல்லை. 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரன்டியர் வண்டிகளில் இதே கோளாறு வந்தது. கம்பெனி உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைலுக்கு நீட்டியது. உரிமையாளர்கள் கூடி வழக்குப் போட, சமரசத்தில் அது 10 ஆண்டு, 1 லட்சம் மைல் ஆனது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஆண்டுகளில் உரிமையாளரும் 3,000 டாலர் வரை கைக்காசு போட வேண்டும் என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் பெருமைக்கு வருகிறேன். 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, பழுதான வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கம்பெனிக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்துவிட்டன. அபராதம் 1 கோடி ரூபாய் வரை. ஆனால் வண்டிக்கு வயது ஏழுக்குள் இருக்க வேண்டும். உரிமையாளர்கள் புகார் வழியாக என்றால், விற்பனைக்கு ஏற்றபடி இத்தனை புகார் என்று எண்ணிக்கையும் சேர வேண்டும். சுற்றுச்சூழலுக்கோ, வண்டிக்குள் இருப்பவருக்கோ, சாலையில் போகிறவருக்கோ தீங்கு தரும் குறையாகவும் இருக்க வேண்டும். வண்டிக்காரனின் மடிக்கு வரும் தீங்கு அந்தப் பட்டியலில் இல்லை.

எமன்கூட மார்க்கண்டேயனுக்கு 16 வரை பொறுத்தான். நீங்கள் 7-இல் கணக்கை முடிக்கிறீர்கள். தனியார் காரின் முதல் பதிவு மட்டும் 15 ஆண்டுக்குச் செல்லும். ஆக, 7 முதல் 15 வரை வண்டி சாலையில் ஓடலாம், வரி கட்டலாம், சுங்கச்சாவடியில் நிற்கலாம். பழுதுக்கு மட்டும் தகுதி கிடையாது. மெல்ல அரிக்கும் சுவருக்கு இதைவிட நல்ல அடைக்கலம் யார் தருவார்?

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். உப்பேறிய போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதில்லை. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்கிறோம். பழசான ரேடியேட்டரை ஒழுகும் முன்பே மாற்றுகிறோம். உங்கள் பங்குக்கு மூன்றே விண்ணப்பம்:

1. கியர் எண்ணெய்க்கு, ரேடியேட்டருக்கு வெளியே காற்றில் குளிரும் தனி கூலரைக் கட்டாயமாக்குங்கள். உறைபனி நாட்டில் எண்ணெய் சீக்கிரம் சூடேற ரேடியேட்டர் தொட்டி உதவுமாம். மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கும் ஊருக்கு அந்த உபகாரம் வேண்டாம்.

2. எடுத்த கம்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

3. சீர்காழி–காரைக்கால் சாலையில் லாரியை முந்தும்போது கியர் பிடிக்காமல் என்ஜின் மட்டும் உறுமினால், பின்சீட்டில் இருக்கும் எண்பது வயதுத் தம்பதிக்கு அது தீங்குதான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். வயது வரம்பைப் பதிவுக் காலத்தோடு சேர்த்து 15 ஆக்குங்கள்.

மூன்றும் முடியாதென்றால், ஏழாவது பிறந்தநாளுக்கு முன்பே விரிசல் விட்டுவிடும்படி ரேடியேட்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். பதிலுக்கு அவசரமில்லை. ஏழு ஆண்டுக்குள் வந்தால் போதும். அதன் பிறகு இந்தக் கடிதத்தில் சொன்ன குறை எதுவும் குறையாகக் கருதப்படாது என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திருக்கடையூரில் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் சார்பில்,
ஒருவன்.