தலவாக்கலைக் கரையில் வெயில் காய்தல்: ஒரு திணைசார் விசாரணை

நகரத்து மனிதர் தண்ணீர்க் கரைக்கு ஏன் போகிறார் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகள் எல்லாம் கீழ்நாட்டார் சொன்னவை. கொழும்புக்காரர் புழுக்கம் தாங்காமல் காலிமுகத்திடலுக்குப் போகிறார். சென்னைக்காரர் அதே காரணத்துக்காக மெரினாவுக்குப் போகிறார். இரண்டு ஊரிலும் தேடிப் போகும் பொருள் காற்று. வெயில் என்பது இறங்கித் தொலையட்டும் என்று காத்திருக்கவேண்டிய தொல்லை. தலவாக்கலையில் நாங்கள் கரைக்குப் போவது வெயில் காய. காற்று வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம். இவ்வளவு பெரிய உண்மை எந்தப் பேராசிரியர் கண்ணிலும் படாததால், வேலையில்லாத நானே இந்த ஆய்வை மேற்கொள்ள நேர்ந்தது.

முதலில் களம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊருக்குக் கரை எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான். வரலாற்றைப் புரட்டினால், ஒவ்வொரு கரைக்கும் பின்னால் ஓர் ஆளுநர் நிற்கிறார். காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக அதைப் பார்த்துக்கொள்ளுமாறு தமக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனார். மெரினாவுக்கு 1884இல் கிராண்ட் டஃப் கிடைத்தார். பக்கத்து நுவரெலியாவின் ஏரி இன்றுவரை ஆளுநர் கிரகரியின் பெயரைச் சுமக்கிறது. எங்களுக்கு ஆளுநர் வாய்க்கவில்லை, டர்பைன் வாய்த்தது. ஜப்பான் கடனில் கட்டி 2012இல் ஓடத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையத்துக்காக, கொத்மலை ஓயாவை எங்கள் டவுனின் காலடியில் 35.5 மீற்றர் உயர அணையால் மறித்தார்கள். மறித்த தண்ணீர் மலைக்குள் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடி 150 மெகாவாட் மின்சாரமாகிறது. பெண்கள், பிள்ளைகள் நலன் குறித்த கல்வெட்டு எதையும் நான் இங்கே காணவில்லை. ஃபெக்டரியில் நல்ல தூளெல்லாம் பெட்டியில் ஏறிய பிறகு கழிவுத் தூள் மிஞ்சுகிற மாதிரி, மின்சாரம் போன பிறகு எங்களுக்குக் கரை மிஞ்சியது. கழிவுத் தூளிலும் தேத்தண்ணி ஊற்றத் தெரிந்த சனம் நாங்கள்.

இங்கே ஒரு கிளைக் குறிப்பு. அணைக்குக் கீழே, 80 மீற்றர் உயரத்திலிருந்து விழும் சென்கிளயர் அருவிக்கு இப்போது பகலில்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஆக, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டுகிற காலைப் பிரட்டு அருவிக்கும் உண்டு. பொழுது சாய்ந்தால் வேலை முடிந்து போய்விடும். அதற்கு முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிறார்களா, அரைப்பேர்தானா என்பதைத் தனியே ஆராயவேண்டும்.

அடுத்து, ‘வெயில் நாள்’ என்பதன் வரைவிலக்கணம். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊர் சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே வெயில், மழை எல்லாவற்றையும் தேயிலைச் செடியின் பக்கம் நின்று அளக்கிறார்கள். மனிதர் பக்கம் நின்று அளக்க ஒரு கருவி இல்லாத குறையைப் போக்க, ‘ஸ்வெட்டர் அளவை’ என்ற ஒன்றை நான் உருவாக்கியிருக்கிறேன். ஸ்வெட்டர் உடம்பில் இருந்தால் சாதாரண நாள். பொத்தான் கழன்றிருந்தால் மிதவெயில். கைகளை முடிச்சிட்டு இடுப்பில் கட்டியிருந்தால் பூரண வெயில். ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த நிலை நான்காவது. அதைக் கண்டதாகச் சிலர் சொல்கிறார்கள், விசாரித்தால் அவர்கள் கினிகத்தேனைப் பக்கத்து ஆட்களாக இருக்கிறார்கள். மூன்று நிலையிலும் கையில் குடை இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பூரண வெயில் தை முதல் பங்குனி வரை கிடைக்கும். டிம்புலப் பகுதித் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் இதே மாதங்கள்தான்: இரவில் குளிர், பகலில் காய்ந்த காற்று, அதனால் கொழுந்தில் வாசம். வாங்குகிறவருக்கு அது வாசம். மலையில் நிற்பவளுக்குக் கொழுந்து ஓடவில்லை, கிலோ சேரவில்லை, பேர் விழவில்லை. வானம் தெளிந்த மாதத்தில் சம்பளத் துண்டு மங்கலாயிருக்கும். ஆகவே ஆய்வுக்கு நான் தேர்ந்த நாள், அப்படியொரு மாசி மாதத்துச் சம்பள ஞாயிறு. உடன் வந்தவர் என் அம்மாயி. ஆய்வு உதவியாளர் என்று எழுத ஆசைதான், அவர் சம்மதிக்கவில்லை.

கரையில் உண்ணும் பொருளுக்கு வருகிறேன். காலிமுகத்திடலில் இறால் வடை. இங்கே தாளில் சுற்றிய கச்சான். நாட்டின் பல பகுதிகளில் கச்சான் என்றால் தென்மேற்குக் காற்றும்கூட. வைகாசியில் எங்கள் கூரைத் தகரத்தைத் தூக்குகிற அதே காற்று. காற்றுக்கும் கொட்டைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று நான் விளக்கத் தொடங்கியபோது அம்மாயி குறுக்கிட்டார்: “அது கடலைடா. கச்சானாம் கச்சான்.” இந்தத் திருத்தத்தால் ஆய்வு ஒரு பாய்ச்சல் கண்டது. கடல், ஐ, கடலை. கடலைப் பார்த்தபடி தின்பது கடலை. அப்படியானால் கடலை விற்கும் தலவாக்கலையில் ஒருகாலத்தில் கடல் இருந்தே ஆகவேண்டும். இதைவிட மெலிந்த சான்றில் கண்டங்களையே கடலுக்குள் மூழ்கடித்தவர்கள் நம்மிடையே உண்டு என்பதால், இந்த முடிவை நான் கூச்சமின்றி முன்வைக்கிறேன்.

இனித் திணை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அதன் பொழுது யாமம்; பருவம் கூதிரும் முன்பனியும். தலவாக்கலைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, இரவில். ஆனால் கரை என்று வந்துவிட்டால் நெய்தல். நண்பகலும் வேனிலும் என்றால் பாலை. ஆக, மாசி மாதத்து மத்தியானத்தில் அணைக்கட்டு ஓரம் கச்சான் தின்கிறவர் ஒரே நேரத்தில் மூன்று திணையில் உட்கார்ந்திருக்கிறார். தொல்காப்பியர் திணை மயங்கலாம் என்று அனுமதி கொடுத்திருப்பதால் சட்டச் சிக்கல் ஏதுமில்லை.

உரிப்பொருளையும் சரிபார்த்தேன். ஒரே குடைக்குள் இரண்டு பேர். வெயிலுக்குத்தான் குடை என்று அவர்கள் சொல்லக்கூடும், ஆனால் வெயில் காயவல்லவா வந்தார்கள்? புணர்தல் என்று மரியாதையாகக் குறித்துக்கொண்டேன். அவர்களுக்கு அப்பால், எடுத்த செல்பியில் தன் கண் மூடியிருக்கிறது என்று ஒரு மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்: ஊடல். ஐஸ்கிறீம் கூம்பின் தலை மண்ணில் விழுந்து, வெறும் கூம்போடு நின்ற சிறுவன்: இரங்கல், ஐயத்துக்கு இடமில்லை. பையைத் தோளில் மாட்டி, தாயிடம் முகத்தைக் காட்டாமல் கொழும்புப் பஸ்ஸில் ஏறிய பையன்: பிரிதல்.

மிஞ்சியது முல்லைக்குரிய இருத்தல். அதற்கு நான் அலையவேண்டியிருக்கவில்லை.

“அம்மாயி, என்ன செய்றீங்க?”

“சும்மா உக்காந்திருக்கேன். கண்ணு தெரியலையா?”

அவர் தண்ணீருக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகில் வெயில் வாங்குவதே மலைநாட்டு முறை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனால் இரண்டு மணியளவில் வெயில் இடம் மாறி அவர் முகத்துக்கு நேரே வந்தது. அவர் திரும்பவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். ஹட்டன் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, நின்றது, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மாமா, சம்பள ஞாயிறுகளில் வருவதாகச் சொல்வார்.

கிரேட் வெஸ்டர்ன் மலை மறைந்தது. மூட்டம் இறங்கிற்று. கரை முழுதும் இடுப்பிலிருந்த ஸ்வெட்டர்கள் உடம்புக்கு ஏறின. குடைக்குள் இருந்தவர்களுக்குக் கடைசியில் குடைக்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஆய்வின் களப்பணி முடிந்ததாக அறிவித்து, குறிப்பேட்டை மூடி, எழும்பலாம் என்றேன்.

“ஏன்டா ராசா, இதெல்லாம் எழுதுனா யாரு சம்பளம் குடுப்பாங்க?” என்று கேட்டார் அம்மாயி. பிறகு சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டு, “இன்னும் ஒரு பஸ்ஸு இருக்கு. நீ போயி கடலை வாங்கிட்டு வா” என்றார்.