இல்லாத கப்பலின் இடப்பக்கம்: ஒரு நுணுக்க ஆய்வு

கப்பல் இல்லை. அதன் நீளம் 289 மீட்டர். இவ்விரண்டு கூற்றுகளையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளத் தயங்காதவர்களுக்காகவே இவ்வாய்வு எழுதப்படுகிறது. தயங்குகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

ஆய்வுப் பொருள், 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் விண்கப்பலான என்டர்பிரைஸ். இன்னும் குறிப்பாக, போலார் லைட்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்த, 350இல் ஒரு பங்கு அளவிலான அதன் பிளாஸ்டிக் கிட். ஒட்டி முடித்தால் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். பெட்டியில் இருக்கும் துண்டுகளைப் படம் பார்த்து ஒட்டி, டிகால் என்ற எழுத்து ஒட்டுப்படங்களைப் பதித்து, ஞாயிறு மாலைக்குள் ஷெல்ஃபில் தூக்கி வைத்துவிடுகிறவர்கள் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் நிம்மதியானவர்கள், நிம்மதி ஆய்வுக்கு உதவாது. பெட்டியைப் பிரித்ததும் ஒரு துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இது தப்பு” என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் தேடுகிறாரே, அவரே நம் ஆய்வுக்கு உரியவர். இனி அவரைக் கிட்காரர் என்போம்.

கிட்காரரிடம் ‘என்ன அளவு?’ என்று கேட்டால், 350இல் ஒன்று என்பார். கணக்கு சரிதான். 289 மீட்டரை 350ஆல் வகுத்தால் 82 செ.மீ. சொச்சம் வரும். வகுக்கப்பட்ட எண்தான் கற்பனை. கையால் தொடக்கூடிய என்டர்பிரைஸ் வேறொன்று உண்டு. மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த வடிவத்தை 1964இல் ரிச்சர்ட் டேட்டினும் கலிஃபோர்னியாவில் பர்பேங்க் நகரத்துப் பட்டறை ஒன்றும் சேர்ந்து மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு கொண்டு செய்த படப்பிடிப்பு மாதிரி அது. நீளம் சுமார் 3.4 மீட்டர். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்காரர் புகைப்படம் புகைப்படமாகப் பார்த்து நகலெடுப்பது இதைத்தான். 340ஐ 82ஆல் வகுத்தால் நான்கு சொச்சம். அப்படியானால் அவர் மேசைமேல் இருப்பது விண்கப்பல் ஒன்றின் 350இல் ஒரு பங்கா, மரப்பொம்மை ஒன்றின் நான்கில் ஒரு பங்கா?

இக்கேள்விக்கு விடை காணாமல் ஒரு பொட்டு பெயிண்ட்கூட அடிக்க முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

எடுத்துக்காட்டு, இடப்பக்கம். படப்பிடிப்பு மாதிரிக்குள் விளக்குகள் வைத்தபோது, அவற்றுக்கான வயர்களை இடப்பக்க உடம்பு வழியாக வெளியே இழுத்தார்கள். கேமரா எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்ததால் இடப்பக்கத்தில் ஜன்னலும் வைக்கவில்லை, நுணுக்க வேலையும் செய்யவில்லை. கப்பல் எதிர்த் திசையில் போவதாகக் காட்ட வேண்டியிருந்தபோது, எண்ணையும் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டி, படமெடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டார்கள். ஆக, தொலைக்காட்சியில் தெரிந்த இடப்பக்கமும் வலப்பக்கமே. கிட்டிலோ இரண்டு பக்கமும் முழுமையாக இருக்கும். கப்பலை நகலெடுக்கிறவருக்கு அது சரி. பொம்மையை நகலெடுக்கிறவர் நேர்மையாளராக இருந்தால், இடப்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் புட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, ஒரு ஓட்டை போட்டு வயரைத் தொங்கவிட வேண்டும். அத்தகைய நேர்மையாளருக்கு வீட்டில் என்ன பெயர் கிடைக்கும் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

அடுத்து நிறம். சாம்பல் என்று ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஸ்டுடியோ விளக்கு ஒரு நிறம் கொடுத்தது, பிலிம் இன்னொன்று, அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டி மூன்றாவது. சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா என்று கிட்காரர்கள் அடித்துக்கொண்டிருக்க, பாராமவுண்ட் 1974இல் நன்கொடையாகக் கொடுத்த அந்த மாதிரியை அருங்காட்சியகம் அவ்வப்போது பழுதுபார்த்துக்கொண்டும் பூசிக்கொண்டும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நடந்த புதுப்பிப்பில் கோடுகளும் அழுக்கும் தூக்கலாக விழுந்துவிட்டன என்று ரசிகர்களுக்கு மனத்தாங்கல். 2014இல் மறுபடி ஆரம்பித்தபோது அருங்காட்சியகத்தார் ஆய்வேட்டு ஒழுக்கத்தோடு நடந்துகொண்டார்கள். பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் தந்து உதவுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். பூச்சை அங்கங்கே சின்னச் சின்னதாகத் தேய்த்து, அடியில் இருக்கும் அடுக்கு அடுக்கான நிறங்களைப் பார்த்தார்கள். கப்பலின் முன்பகுதியான வட்டத் தட்டின் மேற்புறம் மட்டும் 1960களின் பூச்சோடு அப்படியே தப்பியிருந்தது. அதை வைத்து மற்ற இடங்களுக்கு நிறம் கூட்டினார்கள். 2016இல் கப்பல் மீண்டும் காட்சிக்கு வந்தது. நிறச் சண்டை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. காரணம், கிட்காரர்களிடையே வழங்கும் வேறொரு விதி: சிறிய மாதிரிக்கு அசல் நிறத்தை அப்படியே அடிக்கக் கூடாது, சற்று வெளிற வைக்க வேண்டும். தூரத்துப் பொருள் காற்றின் ஊடே வெளிறித் தெரியும் என்பதே இதன் நியாயம். விமானத்துக்கும் டாங்கிக்கும் பொருந்துகிற நியாயம். விண்வெளியில் காற்று இல்லை என்பதை எடுத்துச் சொன்னால் கிட்காரர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, வெள்ளையை இரண்டு சொட்டு குறைத்துக்கொள்வார். முழுவதும் விட்டுவிட மாட்டார்.

கோடு விஷயம் இதைவிட மோசம். வட்டத் தட்டின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகள் இருந்தன. இதை வைத்துக் கிட்காரர் உலகம் வடகலை தென்கலையாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சாரார் கோட்டைச் செதுக்கி, கறுப்பு நீர்ப்பூச்சை அதில் ஓடவிட்டுத் துடைப்பார்கள். மறு சாரார் இருக்கிற கோட்டையும் நிரப்பி மழமழவென்று தேய்த்துவிட்டு, கூர் சீவிய பென்சிலால் தொட்டும் தொடாமலும் இழுப்பார்கள். கணக்கு இரண்டாம் சாராரின் பக்கம் நிற்கிறது. கிட்டில் 0.3 மி.மீ. அகலமுள்ள ஒரு கோடு, 350ஆல் பெருக்கினால் கப்பலில் பத்தரை செ.மீ. அகல வாய்க்கால். நடந்துபோகிறவன் கால் மாட்டிக்கொள்வான். இதே கணக்கில், ஈரப் பெயிண்டில் தெரியாமல் பதிந்த கட்டைவிரல் ரேகை 7 மீட்டர் நீளம். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்து கப்பலின் மூக்கில் ஒட்டிக்கொண்ட ஒற்றை முடி, இரண்டரை செ.மீ. கனத்தில் ஒரு கேபிள். ஏர்பிரஷ் பிடித்தவர் ஏன் வீட்டு மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார் என்பது இப்போது விளங்கும்.

ஜன்னல்களில் வெளிச்சம் வேண்டும் என்று முடிவு செய்கிற நாளில்தான் வேலை உண்மையில் ஆரம்பிக்கிறது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பார்க்கக் கெட்டி. ஒளியை மட்டும் தடுக்காது. உள்ளே எல்.இ.டி.யை ஏற்றினால் ஜன்னலோடு சேர்ந்து ஓடு முழுக்க மங்கலாக ஒளிரும், இரண்டு துண்டு சேரும் தையல் கோடு பளிச்சென்று எரியும். அதனால் உட்புறம் முழுக்க முதலில் கறுப்பு அடிக்க வேண்டும். அறையை இருட்டாக்கி, விளக்கைப் போட்டு, எங்கே கசிகிறது என்று பார்த்து அங்கே மறுபடி கறுப்பு. அது காய்ந்தபின் ஒளி சிதறிப் பரவுவதற்காக மேலே வெள்ளை. ஒட்டி மூடியபின் யாரும் பார்க்கப்போகாத இடத்துக்கு இத்தனை பூச்சு. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு சுமார் 3.2 வோல்ட், 12 வோல்ட் அடாப்டரில் மூன்றை வரிசையாகக் கோத்தால் 2.4 வோல்ட் மிஞ்சும். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் அந்த மிச்சத்தைத் தின்ன 120 ஓம் ரெசிஸ்டர். சால்டரிங் வைத்து, எல்லா வயரையும் வட்டத் தட்டிலிருந்து ஒல்லியான கழுத்து வழியாக வயிற்றுக்கு இறக்கி, அங்கிருந்து அதைவிட ஒல்லியான இரண்டு தாங்கிகள் வழியாக எஞ்சின் குழல்களுக்கு ஏற்ற வேண்டும். ஒரு இணைப்பு விட்டுப்போனால் அது கண்டிப்பாக ஒட்டி முடித்த பிறகே தெரியவரும்.

வெளிச்சம் வந்ததும் சமூகவியல் நுழைகிறது. கப்பலில் 430 பேர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே சில ஜன்னல்கள் இருட்டாக இருக்க வேண்டும். எவை? இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர் எந்தத் தளத்தில் இருப்பார் என்பதைக் கிட்காரர்தான் தீர்மானிக்கிறார். தன் வீட்டுக் கூடத்து விளக்கை அணைக்க மறந்து பேச்சு வாங்குகிற அதே மனிதர் என்பது குறிப்பிடத்தக்கது.

எஞ்சின் குழல்களின் முன்முனைக் குமிழ்களுக்குத் தனி மரியாதை. முதல் முன்னோட்டப் படத்தில் அவை வெறும் மரக் குமிழ்கள். தொடர் ஆரம்பித்தபோதுதான் உள்ளே மோட்டார் வைத்து, கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, கிறிஸ்துமஸ் மர பல்புகளை மினுக்கவிட்டு, சுழலும் ஒளி கிடைக்கச் செய்தார்கள். இன்றைய கிட்காரர் ஒரு சின்ன மின்னணுச் சில்லுக்கு நிரல் எழுதி, அந்தப் பழைய பல்புகள் தாறுமாறாக அணைந்து எரிந்த தாளத்தைத் தேடுகிறார். 23ஆம் நூற்றாண்டின் எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்பதற்கு உரைகல், 1960களின் கிறிஸ்துமஸ் பல்பு. பொம்மைக் கட்சி இவ்விடத்தில் கப்பல் கட்சியை வென்றது என்க.

அழுக்கில் கப்பல் கட்சி திருப்பி அடிக்கிறது. உப்பைத் தூவி அதன்மேல் பெயிண்ட் அடித்துப் பிறகு தட்டி உதிர்ப்பது, பாஸ்டல் பொடியைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, ஹேர் ஸ்பிரே மேல் பூசிய நிறத்தைத் தண்ணீர் தொட்டு உரிப்பது என்று அழுக்காக்கும் கலை விரிவானது. துருவும் வைப்பார்கள். ஆக்சிஜனும் ஈரமும் இல்லாத இடத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்பது பொதுவான ஆட்சேபம், அது செல்லும். ஆனால் விண்கப்பலின் மேனி எப்போதும் புதுசாக இருக்கும் என்ற வாதம் செல்லாது. 1983இல் சாலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு குழி விழுந்தது. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சிறு பெயிண்ட் துணுக்கு மோதியதே காரணம். நிஜ விண்கலத்துக்குக் காயம் உண்டாக்கியது பெயிண்ட். கிட்காரர் செய்வதும் அதுவே, சற்றுக் குறைந்த வேகத்தில்.

என்டர்பிரைஸின் உடம்பு ஏன் இத்தனை மழமழப்பு என்பதற்கு ஜெஃப்ரீஸிடம் தெளிவான காரணம் இருந்தது: பழுது பார்க்க வேண்டிய கருவியை எல்லாம் உள்ளே வைத்துவிட்டால் எவரும் வெளியே போய்த் திருப்புளி பிடிக்க வேண்டியதில்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ இதற்கு நேர் எதிர். 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் என்ற இடத்தில் கூடிய பட்டறைக்காரர்கள் டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் என்று கிட் பெட்டிகளைக் குவியலாக வாங்கி, உள்ளே இருந்த குட்டி உறுப்புகளைப் பிய்த்துக் கப்பல்களின் மேனி முழுக்க ஒட்டினார்கள். தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சில்லறை உருப்படிகளே கப்பலைப் பிரம்மாண்டமாகக் காட்டின. 1977ஆம் ஆண்டுப் படத்தின் முதல் காட்சியில் திரை முழுக்க அடைத்துக்கொண்டு துரத்தி வரும் ராட்சதக் கப்பலின் மாதிரி 91 செ.மீ.தான், முன்னால் தப்பி ஓடும் சின்னக் கப்பலின் மாதிரி அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். அளவு என்பது நீளத்தில் இல்லை, ஒட்டிய சில்லறையின் பொடிசில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இதன் விளைவு விபரீதமானது. ‘ஸ்டார் வார்ஸ்’ கப்பலான மில்லேனியம் ஃபால்கனைப் பெரிதாகச் செய்கிற கிட்காரர், அதன் முதுகில் இருக்கும் எந்த முண்டு எந்தப் பழைய டாங்கிக் கிட்டின் எந்த உறுப்பு என்று கண்டுபிடித்து, அந்த ஒரே உறுப்புக்காக அரை நூற்றாண்டுப் பழைய பெட்டியைச் சொன்ன விலை கொடுத்து வாங்குகிறார். மிச்சத் துண்டுகள் டப்பாவுக்குப் போகின்றன. மறுபுறம், பண்டாய் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 72இல் ஒரு பங்கு ஃபால்கன் கிட்டில் அதே டாங்கி உறுப்புகள் பொடியாகச் சிறுத்து அச்சாகவே வருகின்றன. டாங்கியின் நகல் கப்பலின் உறுப்பாகி, கப்பலின் நகலில் அதுவும் நகலாகிறது. மூலம் எது என்று தேடிக்கொண்டு போனால் இரண்டாம் உலகப் போரில் போய் நிற்போம்.

நகல் மூலமாகவே ஆகிவிட்ட சம்பவமும் உண்டு. இவ்வாய்வின் வலுவான ஆதாரம் அது. என்டர்பிரைஸின் முதல் கிட்டை ஏ.எம்.டி. நிறுவனம் 1966இல் கடைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு தொடரின் ஒரு கதைக்கு அடிபட்டுச் சிதைந்த இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. பெரிய மாதிரி செய்யக் காசு இல்லை. அந்தக் கடைக் கிட் ஒன்றை எடுத்து ஒட்டி, அடித்து நொறுக்கி, பெட்டியில் வந்த, என்டர்பிரைஸின் 1701 என்ற டிகால் எண்களையே மாற்றிப் போட்டு 1017 ஆக்கி, கான்ஸ்டலேஷன் என்று பெயர் சூட்டிப் படமெடுத்தார்கள். அந்தக் கப்பலுக்கு அதைத் தவிர வேறு மூலம் அப்போது இல்லை. கிட்டை வெட்டுவது பாவம் என்று சொல்லும் கட்சி, நம் அறிவுக்கு எட்டியவரை, இச்சம்பவத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: கையில் ரம்பம் எடுத்தவரே மூலத்துக்கு அதிக விசுவாசமானவர்.

வாசகர் இதைப் படித்துக் கிட் வாங்கத் துணிந்தால் ஒரு வார்த்தை. எல்லோரும் 82 செ.மீ. நீளத்தைக் கணக்கிட்டுக்கொண்டு அகலத்தைக் கோட்டை விடுகிறார்கள். வட்டத் தட்டின் விட்டம் 36 செ.மீ. நம் வீட்டுப் புத்தக அலமாரிகளின் ஆழம் பெரும்பாலும் 30க்கு மேல் போகாது. பணம் கட்டுவதற்கு முன் அலமாரியை டேப் வைத்து அளந்து பாருங்கள்.