ரம்மிக் கணக்கு விசாரம்

ரம்மி என்னும் சீட்டாட்டத்தைப் பற்றி நம்மவர்களிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்கள் அநேகம். ஆனால் அவ்வாட்டத்தில் ஜெயித்ததையும் தோற்றதையும் தேதிவாரியாக எழுதி வைத்து, ஓய்ந்த வேளையில் அதைப் புரட்டிப் பார்த்து ஆட்டத்தைச் சீர்திருத்திக் கொள்ளும் வித்தையைப் பற்றி, நாம் அறிந்த வரையில், பண்டித உலகம் வாய் திறந்ததில்லை. பால் கணக்கையும் வண்ணான் கணக்கையும் வருஷக்கணக்கில் பரணில் பத்திரப்படுத்துகிற ஒரு சமூகம், சீட்டுக் கணக்கை மட்டும் ஆட்டம் கலைந்த கையோடு கிழித்துப் போடுவானேன் என்ற ஐயமே இவ்வியாசத்துக்கு வித்து.

முதலில் பூர்வாசிரியர்களை விசாரிப்பது முறை. சூதுக்கென்று 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் ஒன்றுக்கு நூறு என்று விகிதமே கணித்துக் கொடுத்திருக்கிறார். எத்தனை பேருடைய ஏடுகளைப் பரிசோதித்து, எத்தனை ஆட்டங்களைக் கூட்டிக் கழித்து அவர் இம்முடிவுக்கு வந்தார் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. மகாபாரதத்துச் சபா பருவத்திலோ, தருமபுத்திரர் பணயம் வைத்து இழந்த பொருள்களின் ஜாபிதா, தேர், யானை, தம்பிமார், தாம், தர்மபத்தினி என்று ஒரு குமாஸ்தாவின் நிதானத்தோடு தரப்பட்டிருக்கிறது. எனினும் கணக்கு எழுதியவர் வியாசர், ஆடியவர் தருமர் என்று வேலை இருவருக்குள் பங்கிடப்பட்டுவிட்டதனால், இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும் அவர் மறுபடி கூப்பிட்ட குரலுக்குப் போய் உட்கார்ந்து காட்டுக்குப் போனார்.

நளன் கதை வேறு மாதிரி. தேரில் போய்க்கொண்டிருந்த ருதுபர்ண மகாராஜா வழியிலிருந்த ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்ல, சாரதியாயிருந்த நளன் அதை நம்பாமல் தேரை நிறுத்தி இறங்கி, மரத்தையே வெட்டிச் சாய்த்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான், கணக்குச் சரியாயிருந்தது. அதன் பின்னரே அக்ஷஹிருதயம் என்ற சூதாட்ட ரகசியத்தை அரசனிடமிருந்து பெற்றான். அது கைவந்ததும் அவனைப் பீடித்திருந்த கலிபுருஷன் அவனை விட்டு வெளியேறினான். புஷ்கரனிடம் தோற்ற ராஜ்யமும் திரும்பி வந்தது. வேதகாலத்தில் பாய்ச்சிகையாக உருட்டப்பட்டது இதே தான்றிக்காய்தான் என்பதை நினைக்கும்போது, பாரத வருஷத்தில் ஆட்டக் கணக்கைத் தணிக்கை செய்த முதல் மனிதன் நளனே என்று துணிவதற்கு யாதொரு தடையும் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்க முழு மரத்தையும் வெட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் தணிக்கை அதிகாரிகளோடு பழகாதவர்கள்.

இனி நவீன பிரமாணம். செகந்தராபாத்தில் ஒரு கிளப்பைப் பற்றிய வழக்கில், 1967-இல், சுப்ரீம் கோர்ட்டார் ரம்மியை மூன்று சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டமாகக் கொள்ளலாகாது என்றும், விழுகிற சீட்டுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமையையே சார்ந்தது என்றும் தீர்ப்பளித்தார்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் ரம்மிக்காரனைச் சூதாடியிலிருந்து பிரிக்கும் லக்ஷணம் ஞாபகசக்தி. இங்கேதான் நம் ஆராய்ச்சியின் மையச் சிக்கல் இருக்கிறது: எதிரே இருப்பவர் மூன்றாவது சுற்றில் கிளாவர் எட்டைப் போட்டார் என்பதை மறுநாள் காலையிலும் பிசகாமல் சொல்லக்கூடிய மகானுபாவர், போன தீபாவளிக்கு எவ்வளவு விட்டார் என்று கேட்டால் ஆகாயத்தைப் பார்க்கிறார். நோட்டுப் புத்தகம் அவசியமாவது இந்த இரண்டாவது ஞாபகத்துக்காகவே. ஆனால் அதை எழுத வேண்டியவரும் அவரே.

அப்படி எழுதப்பட்டு நம் பார்வைக்குக் கிடைத்தவை, பாங்க்கில் கொடுத்த பழைய டைரிகளும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கங்களுமே. ஜெயித்த நாளின் வரி ரத்தினச் சுருக்கம்: தேதி, தொகை, கீழே இரட்டைக் கோடு. தோற்ற நாளிலோ தொகை முழுதாக்கப்பட்டு, 387 என்பது “சுமார் 300” ஆகி, பக்கத்தில் குறிப்பு வளரத் தொடங்குகிறது. மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றியது, வக்கீல் இடம் மாறி உட்கார்ந்தார், மூன்று ஜோக்கர் வந்தும் ஜோக்கர் சேராத ஒரு ரம்மி கடைசி வரை கூடவில்லை, என்றவாறு. குறிப்பின் நீளம் நஷ்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதை ஒரு சூத்திரமாகவே நிறுவலாம். வெற்றிக்குக் காரணம் எழுதிய ஏடு ஒன்றும் கிடைக்கவில்லை. அது திறமை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தானே!

எழுதத் தக்கது ரூபாய் அல்ல என்பது நம் சித்தாந்தம். முதலிலேயே டிராப் செய்து சீட்டைக் கவிழ்த்தால் 20 புள்ளி, நடுவில் கவிழ்த்தால் 40, கடைசி வரை உட்கார்ந்து ஃபுல் வாங்கினால் 80 என்பது ஆட்டத்தின் விதி. மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு ரோஷத்தால் உட்கார்ந்து ஒரு ஃபுல் வாங்குவதும், நான்கு முறை முதலிலேயே மரியாதையாகக் கவிழ்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வதும் ஒரே செலவு. ஆதலால் இந்த மூன்றும் தனித்தனியே எத்தனை தடவை நேர்ந்தன என்று ஒருவர் ஒரு மாதம் மூன்று பத்தியில் கோடு இழுத்து வந்தாரானால், தம் பணத்தைத் தின்றது துரதிர்ஷ்டமா, ரோஷமா என்பது அவருக்கே விளங்கிவிடும்.

இதற்கும் ஓர் ஆக்ஷேபம் உண்டு. ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால், தலை விழுவது 40-க்கும் 60-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகவே நூற்றுக்கு 55 ஆட்டம் ஜெயிக்கும் சமர்த்தனையும் 50 ஜெயிக்கும் சாமானியனையும் நூறு ஆட்டத்துக் கணக்கு பிரித்துக் காட்டாது. 10,000 ஆட்டம் எழுதினால் சந்தேகம் அறவே தீரும். அவ்வளவும் எழுதி முடிக்கும் தறுவாயில் ஆடுகிறவருக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்பது கணித சாஸ்திரத்தின் குறையல்ல.

அமெரிக்காவில் போக்கர் முதலிய ஆட்டங்களில் பணம் வைப்பவர்கள் எந்தத் தேதியில், எந்த விலாசத்தில், யார் கூட இருக்க, எவ்வளவு ஜெயித்து எவ்வளவு தோற்றார்கள் என்று நாட்குறிப்பு எழுதி வர வேண்டுமென வருமான வரி இலாகாவே 1977-இல் வழிமுறை வகுத்தது. ஜெயித்த தொகைக்கு மேற்போகாமல் நஷ்டத்தில் பெரும்பகுதியை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் அங்கே இடமுண்டு. நம் சர்க்காரோ சீட்டில் வந்த லாபத்துக்கு 30 சதவீதம் வாங்கிக்கொண்டு, நஷ்டத்தைக் கழிக்க இடம் கொடுப்பதில்லை. நஷ்டக் கணக்கைக் கேட்கும் அதிகாரம் இங்கே வீட்டு அம்மாளிடமே இருந்து வருகிறது. அவளிடம் தாக்கல் செய்யப்படும் கணக்கு முன் சொன்ன ஏடுகளோடு ஒத்துப்போவது அபூர்வம்.

எனவே மூன்றாவது சாட்சி ஒருவர் வேண்டும். மனமகிழ் மன்றங்களில் டீ டம்ளர் எடுக்க வரும் பையனைக் காட்டிலும் தகுதியானவர் கிடையாது. யார் சில்லறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார், யார் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார் என்பதை வைத்தே அன்றைய வரவு செலவு முழுவதையும் அவன் சொல்லிவிடுவான். நம் மன்றத்து ஏட்டை அவனிடமே ஒப்படைக்கலாமென்று விரிவாக எழுதிச் செயலாளரிடம் சமர்ப்பித்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் காலியாயிருப்பதைக் கண்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஆறு பேர் பெயரை எழுதிக் கோடு போட்டார்.