திருச்சியில் ஓர் இரவு: அதிராம்பட்டினத்தார் ரூம் போடும் முறைமை குறித்த ஆய்வு

அதிராம்பட்டினத்துக் குடும்பம் ஒன்று திருச்சியில் ஓர் இரவு தங்குவதென்றால், அந்த இரவைப் பற்றிய பேச்சு ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். விமானம் ஏறப்போகிறவர் ஒருவர்தான். வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு வேன் நிறைய. கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவருக்கு டிக்கெட் எடுப்பது எளிய வேலை. கூடப் போகிறவர்களுக்கு ரூம் போடுவதுதான் கடினம். நெய்தல் திணையைப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்த அளவுக்கு, நெய்தல் நிலத்து மக்கள் லாட்ஜில் இரண்டாவது வாளி கேட்டு வாங்கும் முறையை ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: பலகையில் எழுதியிருக்கும் வாடகை, அறைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான். மீதியைக் கடிகாரத்திலும் பேருந்து நிலையத்திலும் தேட வேண்டும்.

முதலில் வரலாறு, ஆய்வு என்றால் அது இல்லாமல் முடியாது. காசு கொடுத்துத் தங்குவது தஞ்சைத் தரணிக்குப் பழைய பழக்கம் அல்ல. ராமேசுவரத்துக்கு நடந்து போனவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெரியது. அதிரைக்கு, அதாவது அதிராம்பட்டினத்துக்கு, அடுத்த ராசாமடத்தில் ஒன்று இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சேதுபாவாசத்திரம் வரும். சத்திரங்களின் நிர்வாகத்தைத் தம்மிடமே விட்டுவைக்கும்படி 1801இல் சரபோஜி ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஆய்வாளர்களிடையே புகழ்பெற்றது. வழிப்போக்கர் யாவருக்கும் சோறு, நோயுற்றவருக்கு மருந்து என்று அங்கு நடந்த தர்மங்களை அவர் அதில் விவரிக்கிறார். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற குறிப்பு எதுவும் இல்லை. இலவசமாகத் தங்குகிறவர் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார்.

இனி களத்துக்கு வருவோம்.

பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வந்து சேரும் வேன், லாட்ஜ் வாசலில் நிற்காது. ஐம்பது அடி தள்ளி, ரிசப்ஷனிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நிற்கும். இதற்குத் தக்க காரணம் உண்டு. பெட்டிகளும் பிள்ளைகளும் கண்ணில் பட்டுவிட்டால், இவர்கள் இனி வேறு இடம் போக மாட்டார்கள் என்பது ரிசப்ஷன்காரருக்குப் புரிந்துவிடும், பேரத்துக்கு இடமிருக்காது. ஆகவே வேனிலிருந்து ஒருவர் மட்டும் இறங்குவார். இவரை இக்கட்டுரை ‘அறை பார்க்கும் காக்கா’ (ஊர் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்) என்று அழைக்கும். குடும்பத்தில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. என்றோ ஒருமுறை சென்னையில் மலிவாக ரூம் பிடித்தவர் என்ற பெயர் இருந்தால் போதும்.

காக்கா எடுத்தவுடன் வாடகை கேட்க மாட்டார். “எத்தனை பேரு சார்?” என்று எதிரிலிருப்பவர் கேட்பார். “நாலு பேருதான். பிள்ளைய ரெண்டு மூணு இருக்கும்” என்பார் காக்கா. வேனில் அப்போது பதினொரு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பொய் என்று கொள்ளலாகாது. கட்டிலில் படுக்கப்போகிறவர்கள் நாலு பேர்தான். மற்றவர்களுக்கு அதிரையிலிருந்தே பாயும் தலையணையும் வந்திருக்கின்றன. லாட்ஜ்காரர் ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று தனியே காசு வாங்கிக்கொண்டு தருவதும் தரையில் விரிக்கும் ஒரு மெத்தையைத்தான்.

முதலில் காட்டப்படும் அறையை ஏற்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அறை நன்றாக இருந்தாலும் “வேற இருக்கா?” என்று கேட்டாக வேண்டும். ரூம் பாயும் இதை அறிந்தவர். கையில் இரண்டு சாவிகளோடுதான் மாடியேறுவார். இரண்டாவது அறையில் காக்கா ஜன்னலைத் திறந்து பார்ப்பார், அது வராந்தாவைப் பார்த்திருக்கிறதா தெருவைப் பார்த்திருக்கிறதா என்று. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார். வாளி உடைந்திருக்கிறதா, குவளை இருக்கிறதா, வெந்நீர் காலையில் ஆறிலிருந்து ஒன்பது வரைதானா, கீசர் தனியே உண்டா என்பதெல்லாம் உறுதியாக வேண்டும். தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு ரூம் பாய் தயங்காமல் கை நீட்டிக் காட்டினால், அந்த லாட்ஜுக்கு நம் பக்கத்து ஆட்கள் வந்துபோகிறார்கள் என்று பொருள். நோன்பு மாதமாக இருந்தால் விடியலுக்கு முன் சஹருக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதும் இதோடு சேரும்.

ஏசி குறித்துத் தனி நூலே எழுதலாம். பல லாட்ஜுகளில் ஏசி அறையும் ஏசி இல்லாத அறையும் ஒன்றேதான். சுவரில் இயந்திரம் இருக்கும். சாதா வாடகை கொடுத்தவருக்கு ரிமோட் கிடைக்காது. இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள் என்பதைத் தத்துவ மாணவர்கள் ஆராயத் தொடங்கினால் நல்லது. நள்ளிரவில் புழுக்கம் தாங்காமல் உம்மா எழுந்து உட்கார்ந்து, காக்கா கீழே போய் வித்தியாசத் தொகையைக் கட்டி ரிமோட் வாங்கி வருவதும் உண்டு. அப்போது கட்டுவது முழு இரவுக்கான தொகை. கிடைப்பது பாதி இரவின் குளிர்ச்சி.

இப்போது கடிகாரம். தமிழ்நாட்டு விடுதிகளில் இதுபற்றி இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது. நட்சத்திர ஓட்டல்களும் அவற்றைப் பார்த்து நடப்பவையும் இம்மரபைச் சேர்ந்தவை. மற்றது ‘24 மணி நேர செக்-அவுட்’. உள்ளே வந்த நேரத்திலிருந்து ஒரு முழுநாள். பேருந்து நிலையத்தை ஒட்டிய பழைய லாட்ஜுகள் பலவும் இதைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன.

அதிரை வேனின் கால அட்டவணையை இவ்விரண்டிலும் பொருத்திப் பார்க்கலாம். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் இரவு எட்டரை ஒன்பதுக்கு அறைக்குள் போகலாம். விமானம் நள்ளிரவுக்குப் பிறகு என்றால், மூன்று மணி நேரம் முன்னதாகவே பயணி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆக, யாருக்காக ரூம் போட்டார்களோ அவர் அதில் இருப்பது ஒரு மணி நேரம். வழியனுப்பிவிட்டு மற்றவர்கள் திரும்பும்போது இரண்டு மணியாகியிருக்கும். காலையில் என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுக்காமல் திருச்சியிலிருந்து யாரும் ஊர் திரும்பியதாக மரபில்லை. நண்பகல் மரபு லாட்ஜ் என்றால், துணிக்கடையில் புடவைகள் விரிந்து கிடக்கும்போதே காக்காவுக்குப் போன் வரும். பெட்டிகள் ரிசப்ஷன் சோபாவுக்கு இறங்கிவிடும். 24 மணி நேர லாட்ஜ் என்றால், மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டு, மாலையில் கிளம்பலாம். விடிகாலை நாலு மணிக்கு வந்திறங்குகிறவருக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. நண்பகல் மரபில், அவர் எட்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாள் வாடகையைத் தொடங்குவார். முந்நூறு ரூபாய் குறைவு என்று நண்பகல் லாட்ஜைப் பிடித்தவர், இப்படி முழு வாடகையை இரண்டு முறை கட்டுகிறார்.

எனவே 24 மணி நேர லாட்ஜில், பதிவேட்டில் எழுதப்படும் நேரமே பேரத்தின் உச்சம்.

“தம்பி, நாங்க உள்ள வந்தது ஒன்பது மணி. எட்டரைன்னு போட்டிருக்கியளே?”

“கேமரா இருக்கு சார்.”

இரண்டாம் இயலுக்குப் பேருந்து நிலையம் என்று பெயர். இதில் காணப்படும் விதி: பேருந்து நிலையம் நகரும், லாட்ஜ் நகராது. சான்றுகள் வலுவானவை. சென்னையில் பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் கிளம்பிய காலத்தில், மண்ணடியில் தங்கிய அதிரைக்காரர் பெட்டியைத் தோளில் வைத்தே நடந்து போய்ப் பஸ் ஏறலாம். 2002 நவம்பரில் கோயம்பேடு வந்தது. பிறகு 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது. மண்ணடி லாட்ஜுகள் மண்ணடியிலேயே இருக்கின்றன. 2019 முதல் அங்கே மெட்ரோ நிலையம் இருக்கிறது என்பது ஆறுதல்தான். அந்த மெட்ரோ கிளாம்பாக்கத்தில் கொண்டுபோய் விடாது.

திருச்சியிலும் இதே கதை. மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி, ராக்கின்ஸ் ரோடு, மெக்டொனால்ட்ஸ் ரோடு, வில்லியம்ஸ் ரோடு என்று லாட்ஜுகள் அடுக்கடுக்காக எழுந்தன. ஊருக்கு வெளியே பஞ்சப்பூரில் கட்டிய புதிய முனையம் 2025 மே 9 அன்று திறக்கப்பட்டு, ஜூலையில் வெளியூர்ப் பேருந்துகள் அங்கே இடம்பெயர்ந்தன. ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்று விளம்பரப் பலகை வைத்திருந்தவர்கள் அந்த வாசகத்தை மாற்ற வேண்டுமா என்பது உரிமையாளர்கள் முடிவு செய்ய வேண்டியது. வேனில் வருகிறவருக்கு இதனால் பாதகமில்லை. பஸ்ஸில் வந்து, பஞ்சப்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பழைய இடத்தில் மலிவான ரூம் எடுக்கிறவர், போக வர ஆகும் ஆட்டோ காசையும் வாடகையோடு சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும்.

மெக்சிகோ நகரம் இவ்விதிக்குக் கடல் கடந்த சான்று. அங்கும் தொலைதூரப் பேருந்துகளை நாலு திசைகளிலும் நாலு பெரிய முனையங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மலிவான பழைய ஓட்டல்கள் நகரின் நடுவில், சோக்காலோ சதுக்கத்தைச் சுற்றிய பழைய தெருக்களிலேயே தங்கிவிட்டன. ஆனால் நாலு முனையங்களுக்கும் மெட்ரோ உண்டு. 2013 டிசம்பரிலிருந்து டிக்கெட் 5 பேசோ. ஆகவே அங்கு வாடகை மலிவு என்றால் மலிவுதான். அங்கே சுற்றுலாப் பயணியைக் கவிழ்ப்பது வேறு: 16 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், அதற்கு மேல் மாநிலம் போடும் தங்கல் வரியும். இணையத்தில் பார்த்த விலை ஒன்று, கவுன்ட்டரில் கட்டும் தொகை ஒன்று.

வரி என்றதும் நம் ஊர்க் கணக்கு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரி இல்லை. 999 ரூபாய் என்ற எண்ணுக்கு அப்போது கிடைத்த மரியாதை கணிதத்தில் அதற்கு என்றும் கிடைத்ததில்லை. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போய் 12 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம். 1,000 ரூபாய் அறைக்கு முன்பு 1,120, இப்போது 1,050. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு லாட்ஜுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அங்கே கையால் எழுதிய ரசீதுதான் தருவார்கள். அதை இகழ வேண்டாம்.

ரயில் நிலைய ஓய்வறைகளை ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்பவர் உண்டு. 12 மணி, 24 மணி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள், நியாயமான வாடகைதான். முன்பதிவு டிக்கெட் வேண்டும் என்பது நிபந்தனை. வேனுக்கு பி.என்.ஆர். எண் கிடையாது.

இன்னொரு சிக்கல் மச்சானால் வருவது. மலேசிய அல்லது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மச்சான் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவருடைய விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். இந்த வேலைக்கு அஞ்சும் சின்ன லாட்ஜ்காரர், கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்ததுமே “ரூம் ஃபுல் சார்” என்பார். ஐந்து நிமிடம் முன்பு காக்காவுக்கு ரூம் காட்ட இரண்டு சாவிகளைக் கொடுத்தனுப்பியவர் அவர்தான். ஆகவே மச்சானைக் கடைசியில் இறக்காமல், அவருடைய கடவுச்சீட்டை முதலிலேயே காட்டிவிடுவது புத்திசாலித்தனம். அதற்குப் பிறகு எந்தப் பேரமும் நடக்காது என்பது இதன் குறைபாடு.

மேலாய்வுக்கு உகந்த களம் கும்பகோணம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028இல். நாகூர் கந்தூரி, செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருநாள் போன்றவற்றிலும் டெல்டாவில் ரூம் கிடைப்பது அரிது. மெக்சிகோவின் குவானஹுவாத்தோவில், 1972 முதல் நடந்துவரும் செர்வாந்தினோ கலைவிழாவின்போது அக்டோபரில் இதே பாடுதான். 2028 மாசியில் கும்பகோணத்தில் மருத்துவரைப் பார்க்கவோ கல்யாணத்துக்கோ போக வேண்டியிருக்கும் அதிரைக் குடும்பம், முந்தின ஆண்டே காக்காவை ஒரு நடை அனுப்பி, குழாயைத் திறந்து பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, ரசீதில் செக்-அவுட் நேரத்தையும் எழுதி வாங்கி வரச் சொல்ல வேண்டும். ஏசி என்றால், ரிமோட் உண்டு என்பதையும் சேர்த்து.