செல்லோவின் திணை: ஓர் இலக்கண ஆய்வு

மக்களாகச் சுட்டப்படுபவர் உயர்திணை, மற்றவை எல்லாம் அஃறிணை என்று சொல்லதிகாரத்தின் வாசலிலேயே தொல்காப்பியர் தீர்த்துவிட்டார். அவர் காலத்தில் சிம்பொனி இசைக்குழு கிடையாது. ஆகவே நூறு கலைஞர்களும் அவர்களுடைய வாத்தியங்களும் ஒன்றாகக் கடல் கடந்து கச்சேரிக்குப் போகும்போது யார் பயணி, எது மூட்டை என்ற கேள்விக்கு இளம்பூரணர் முதல் சேனாவரையர் வரை ஒருவரும் உரை எழுதவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்கு உகந்தது செல்லோ. விமானத்தில் வயலின் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் அடங்கிவிடும். டபுள் பாஸ் ஆளைவிட உயரம், சரக்கோடு ஏற்றுவதைத் தவிர வழியில்லை. செல்லோ இரண்டுங்கெட்டான். மேலே கொள்ளாது, கீழே போட்டால் உடையும். எனவே அதற்குத் தனி டிக்கெட். பெரும்பாலும் ஜன்னலோர இருக்கை, ஏனென்றால் ஆபத்து நேரத்தில் அது யாருடைய வழியையும் மறிக்கக் கூடாது. பெல்ட் மாட்டுவார்கள். சாப்பாடு மட்டும் வராது.

டிக்கெட் வாங்கியதாலேயே உயர்திணை ஆகிவிடுமோ எனின், ஆகும் என்றே அமெரிக்கச் செல்லோ மேதை லின் ஹாரல் கருதியிருக்க வேண்டும். தம் செல்லோவின் பெயரிலும் விமான நிறுவனத்தில் ஒரு மைல் கணக்குத் தொடங்கிப் புள்ளிகள் சேர்த்தார். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயருக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. விமான நிறுவனத்துக்கு இந்த நுட்பம் எட்டவில்லை. 2012இல் இரண்டு கணக்குகளையும் ரத்து செய்துவிட்டது. செல்லோவின் கணக்கை மூடியது இலக்கணப்படி வாதத்துக்குரியது. மனிதர் கணக்கையும் சேர்த்து மூடியதற்கு எந்த உரையிலும் இடமில்லை.

இன்னொரு சிக்கல். இந்த இருக்கை மரியாதை தனிக்கச்சேரி செய்யும் வித்துவானின் செல்லோவுக்குத்தான். இசைக்குழுவின் பின்வரிசைச் செல்லோக்கள் பெரும்பாலும் மெத்தை வைத்த பெரிய டிரங்குப் பெட்டிகளில் சரக்காகவே போகின்றன. அதே மரம், அதே தந்தி, திணை மட்டும் வேறு. பதவியைப் பொறுத்துத் திணை மாறுவது வாத்தியங்களுக்கு மட்டும்தானா என்று ஐயுறும் வாசகர், ஏதேனும் ஓர் அரசு அலுவலகத்துக்கு ஒருமுறை மனு கொடுக்கப் போய் வரலாம்.

பாஸ்போர்ட் மனிதனுக்குத்தானே என்று சிலர் மறுப்பர். அற்றன்று. இசைக்குழு புறப்படுமுன் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணத்தில் டிம்பனி முதல் கையகல முக்கோணம் வரை எல்லாம் எடை, மதிப்பு சகிதம் பதிவாகின்றன. போனது அத்தனையும் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும்; திரும்பாவிட்டால் வரி கட்ட நேரும். முக்கோணம் அடித்தவர் திரும்பாவிட்டால் இப்படி யாரும் வரி கேட்பதாகத் தெரியவில்லை.

வயலினும் செல்லோவும் வாசிக்கும் பழைய வில்லின் நுனியில் யானைத் தந்தமோ பிடியில் ஆமை ஓடோ இருந்தால் விஷயம் இன்னும் முற்றும். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த நாடுகள் 2013இல் பாங்காக்கில் கூடி, வாத்தியங்களுக்கென்றே ஒரு சான்றிதழை வகுத்தன. வாத்தியத்துக்கு ஒன்று, ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டு. மறு ஆண்டே புடாபெஸ்ட் விழா இசைக்குழு நியூயார்க்குக்கு வந்தபோது, தந்தம் இருக்கும் என்ற சந்தேகத்தில் கென்னடி விமான நிலையத்தில் 7 வில்கள் பிடிபட்டன. வாசிப்பவர்கள் ஊருக்குள் போனார்கள். வில்கள் சுங்கத்தில் நின்றன. எல்லையில் அதிகாரியின் கவனத்தைப் பெறுவதே பயணியின் இலக்கணம் என்றால், அன்று பயணம் செய்தவை அந்த 7 வில்கள்தாம்.

காகிதத்தையும் விட்டுவிட முடியாது. 1973இல் யூஜின் ஆர்மண்டி தலைமையில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு சீனா சென்றது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை வாசிப்பதாக ஏற்பாடு. மாவோவின் மனைவி ஜியாங் சிங் ஆறாவதுதான் வேண்டும் என்றார். ஆர்மண்டி இருந்தார், கலைஞர்கள் இருந்தார்கள், வாத்தியங்கள் இருந்தன. ஆறாவதின் இசைத்தாள்கள் மட்டும் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. சீனர்களிடம் தாள்களைக் கடன் வாங்கி, அவற்றிலிருந்த பிழைகளோடு மல்லுக்கட்டி வாசித்தார்கள். தாள் அஃறிணைதான். ஆனால் அது வராவிட்டால் உயர்திணையார் நூறு பேர் வந்தும் பயனில்லை.

செல்லோ டிக்கெட் எடுக்கும்போது உயர்திணை, சாப்பாடு பரிமாறும்போது அஃறிணை என்பதே எம் துணிபு. ஆகவே வாசகரே, அடுத்த விமானப் பயணத்தில் உங்கள் பக்கத்து ஜன்னலோரத்தில் பெல்ட் போட்டபடி ஒரு செல்லோ அமர்ந்திருந்தால், அதன் பங்குச் சாப்பாட்டை நீங்கள் கேட்டு வாங்கலாம். காசு கட்டியாகிவிட்டது, இலக்கணத் தடையும் எதுவும் இல்லை.