கேள்வியிலிருந்து கல்விக்கு: பாட்காஸ்ட் குறிப்பெடுத்தல் குறித்த சிற்றாய்வு

திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம். கேள்வி 42ஆம் அதிகாரம். நடுவே 41ஆக உட்கார்ந்திருப்பது கல்லாமை. இந்த வைப்புமுறைக்கு உரையாசிரியர்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் கைப்பேசியில் பாட்காஸ்ட்டை எழுத்தாக்கிப் பார்த்தவருக்கே உண்மைக் காரணம் விளங்கும். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் படிக்கப் புறப்படுபவர் 42இலிருந்து 40க்குத் திரும்ப வேண்டும். 41ஐத் தொடாமல் போக முடியாது. இக்கட்டுரை நிறுவ முற்படுவது இதுவே.

பாட்காஸ்ட்டை எழுத்தாக்க நாட்டில் வழங்கும் முறைகள் இரண்டு. முதலாவது செல்வர் முறை: ஒலிக்கோப்பைச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. இத்தகைய செயலிகள் பலவற்றின் உள்ளே உழைப்பது, ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர். அது 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பயின்றது. ஒருவர் ஊண் உறக்கமின்றிக் கேட்டால் 77 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவு பொறுமைசாலியான மாணாக்கன் எந்தக் குருகுலத்துக்கும் வாய்த்திருக்க மாட்டான். ஆனால் பையனிடம் ஒரு கெட்ட பழக்கம். பேச்சை 30 நொடித் துண்டுகளாக நறுக்கித்தான் விழுங்குவான். பேசுபவர் சற்று மௌனமாகிவிட்டால் சும்மா இருக்கத் தெரியாமல், எழுதிய வரியையே திரும்பத் திரும்ப எழுதுவான். சில வேளை, யாரும் சொல்லாத நன்றியுரையைத் தானே சொல்லி முடித்துவிடுவான். நூலுக்கு ஆகாதென நன்னூல் விலக்கிய பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் இங்கே அடங்குவது காண்க. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்துவிட்டார், நாம்தான் கேட்கவில்லை.

‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’, ‘பாத்தீங்கன்னா’ மூன்றையும் இப்படிக் கிடைத்த எழுத்திலிருந்து கழித்தால் சில நிகழ்ச்சிகளில் வணக்கமும் விளம்பரமுமே மிஞ்சும். அது கருவியின் குற்றமன்று.

இரண்டாவது, வறியோர் முறை. ஒரு கைப்பேசியில் பாட்காஸ்ட்டை ஓடவிட்டு, அக்காவிடம் இரவல் வாங்கிய இன்னொன்றில் விசைப்பலகை மைக்கை அழுத்திப் பக்கத்தில் வைப்பது. பேசினால் தமிழில் தட்டச்சாகும் வசதியைக் கூகுள் தந்தது 2017இல். அதைக் கைப்பேசிக்குக் கைப்பேசி பேசவைக்கவும் பயன்படுத்தலாம் என முதலில் கண்டவர் பெயர் வரலாற்றில் இல்லை. ஐபோனின் பாட்காஸ்ட் செயலி 2024 மார்ச்சில் தானாகவே எழுத்தைக் காட்டத் தொடங்கியபோது இருந்தவை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் மட்டுமே. ஆகவே வறியோர் முறைக்கு வாழ்வு போகவில்லை.

இம்முறையில் எடுத்த சுவடி ஒன்று நம் கைவசம் உள்ளது. பொருள்: பழைய ஏரிகள். ஏரிக்குள் நின்று நீரையும் சேற்றையும் வெளியேற்றும் கல் அமைப்பான குமிழித்தூம்பு, இதில் ‘குமுளி தும்பு’ எனக் கேரள எல்லைக்கு ஏறிவிட்டது. அதன் அடியிலுள்ள சேறோடித் துளை, ‘சேர் ஓடித் தொலை’ என்று யாரையோ விரட்டுகிறது. மறுபடி ஓடவிட்டதில் ‘குமரி தூண்’ எனப் பாடபேதம். அடுத்த வரி: ‘சோழர் காலத்தில் கத்தரி வெண்டை முருங்கை கிலோ நாற்பது.’ தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு போன நேரம் அது. பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் என்பார்களே, அது உருவாவதை நேரில் காணும் பேறு அவர்களில் எவருக்கும் கிட்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி ஒப்பிட்டுப் பாடம் துணிந்தார். நமக்கு வாய்த்தவை இரண்டு ஓட்டமும் ஒரு முருங்கையும்.

இனி, இச்சுவடி என்ன ஆகிறது? கேட்க நேரமில்லாததால் எழுத்தாக்கியவருக்குப் படிக்கவும் நேரமில்லை. எனவே அப்படியே இன்னொரு செயலியிடம் கொடுத்து ஐந்து வரியில் சுருக்கச் சொல்கிறார். சுருக்கம் பிழையற்ற நல்ல தமிழில் வந்து சேர்கிறது. குமுளியும் இல்லை, குமரியும் இல்லை. இரண்டும் பொருளற்றவை என்று கருவி தள்ளிவிட்டது. நான்காவது வரி இது: ‘சோழர் காலத்தில் காய்கறி விலை நிலையாக இருந்தது.’

43ஆம் அதிகாரமான அறிவுடைமை இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை. சோழர் பொருளாதாரம் பற்றி எழுதவிருக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அந்த நான்காவது வரியை எடுத்தாளும் முன் மூல ஒலியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதில் முருங்கை கிடையாது.