மீதமுள்ள நாலேகால் கிலோ பசை தொடர்பாக

அனுப்புநர்:
மாடல் ரயில் செய்பவன்,
முக்கோணத்துக்குப் பக்கத்துச் சந்து,
காந்தல், உதகமண்டலம்.

பெறுநர்:
கொள்முதல் குழுவினர்,
(அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. இந்த விஷயம் அதோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது.)

பொருள்: கண்ணாடிப் பெட்டி – மலை ரயில் மாடல் – தானாகக் கழன்றது – மீண்டும் ஒட்டித்தர விலைப்புள்ளி கோரியது – பதில் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதம். (எண்ணும் நாளும் இருந்த இடத்தில் பசை சிந்திக் காய்ந்திருப்பதால் படிக்க இயலவில்லை.)

ஐயா, அம்மா,

மேற்படி கடிதம் கிடைத்தது. அதன் மூன்றாவது நிபந்தனையை மட்டும் இரண்டு முறை படித்தேன். பழுது நீக்கும் பணிக்குக் கிடங்கில் இருப்பிலுள்ள 4.25 கிலோ வெள்ளைப் பசையையே பயன்படுத்த வேண்டுமாம், வெளிப்பசைக்கு அனுமதியில்லையாம். ரயில் எதனால் கழன்றதோ அதையே வைத்து ஒட்டச் சொல்லும் துணிச்சல் வேறு எந்தக் குழுவுக்கு வரும்? வயிற்றுப்போக்குக்கு விளக்கெண்ணெய் கொடுத்த வைத்தியர்கூட மீதி எண்ணெய்க்குக் கணக்குக் கேட்டதில்லை.

கோப்பு கைமாறியிருக்கும் என்பதால் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்க மலை ரயில் மாடல் ஒன்று வேண்டும் என்றீர்கள். ஒரு நீராவி எஞ்சின், மூன்று பெட்டி, பின்னால் மலை. 87-ல் ஒரு பங்கு அளவு. மீட்டர் கேஜ் பாதை அந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும். ஐந்தரை அடி டிரைவர் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக நிற்பார். எஞ்சினும் பெட்டிகளும் பாலிஸ்டைரீன் தகடு, ஜன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக், சக்கரம் உலோகம், மலை தெர்மாகோல், அடிப்பலகை பிளைவுட். இத்தனைக்கும் சேர்த்து என் விலைப்புள்ளியில் பசைக்கு நான்கு வரி எழுதியிருந்தேன்.

நான்கு வரிதான் என்னைக் கவிழ்த்தது. பசை என்ற ஒரே இனத்துக்கு எதற்கு நான்கு வரி, விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நீக்கு என்று கேட்டீர்கள். நான் நீக்கவில்லை. நீங்கள் என்னை நீக்கிவிட்டு, மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்து, ஐந்து கிலோ டப்பா ஒன்றும் வாங்கிக் கொடுத்தீர்கள். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ள ரயிலுக்கு ஐந்து கிலோ! நிஜ ரயிலுக்கு என்று யாரோ இண்டன்ட் போட்டுவிட்டார்கள் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

திறப்பு நாளன்று நானும் வரிசையில் நின்றேன். ரிப்பன் வெட்டினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. அந்தச் சூட்டில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதலில் எஞ்சினின் புகைபோக்கி லேசாகச் சாய்ந்தது. பிறகு இரண்டாம் பெட்டியின் கூரை ஒரு பக்கமாக எழும்பி நின்றது. என் முன்னால் நின்ற குழந்தை, "அம்மா, ரயில் கொட்டாவி விடுது" என்றாள். கூரையின் விளிம்பில் பசை பால் ஏடு போல முழுசாக உரிந்து தொங்கியது. பள்ளிக்கூடத்தில் உள்ளங்கையில் ஃபெவிகால் தடவிக் காயவைத்துத் தோல் போல உரித்து விளையாடாதவர் உங்கள் குழுவில் யாராவது உண்டா? அதே தோல்தான். வெள்ளைப் பசையில் இருப்பது தண்ணீர். மரமும் காகிதமும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். பசை இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பாலிஸ்டைரீன் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. பசை அதன்மேல் படுத்திருக்கும், அவ்வளவுதான். வாடகைக்கு வந்தவர் மாதிரி.

ஒப்பந்ததாரர் அதை ஒட்டிய மாதம் ஜனவரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உறைபனிச் செய்தி போடுகிற நாளெல்லாம் பத்திரிகைக்காரர்கள் தலைக்குந்தாவையும் காந்தலையும் விடமாட்டார்கள். காலையில் ஜீப்பின் கூரையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தக் குளிரில் வெள்ளைப் பசை ஏடு கட்டாமல் சாக்பீஸ் தூள் மாதிரி வெளுத்துப்போய்க் காயும். தொட்டால் உதிரும்.

சரி, எதுதான் ஒட்டும்? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தேநீர் இடைவேளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பிளாஸ்டிக் மாடலுக்கான திரவ சிமென்ட்டில் பசை என்று சொல்லத்தக்க ஒன்றும் கிடையாது. மெத்தில் எத்தில் கீட்டோன், பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள்தான் இருக்கும். மூடியைத் திறந்தால் நகப்பாலிஷ் வாசனை. முதலில் இரண்டு தகட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சேரும் விளிம்பில் பெயின்ட் இருந்தால் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். பிறகு காய்ந்த நிலையில் ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துக்கொண்டு, மூடியிலேயே இருக்கும் மெல்லிய தூரிகையை இணைப்பின் ஒரு முனையில் தொட்டால் போதும். திரவம் தானே ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, இணைப்பு நெடுக ஒரு ஈரக்கோடு மின்னிப் பாய்ந்து மறு முனையில் நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில சமயம் தேவையில்லாமல் பெட்டி செய்கிறேன். பத்து வினாடி கழித்து லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழை அளவுக்குப் பிதுங்கும். ஒரு நாள் விட்டு அதை உப்புத்தாளால் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. கரைப்பான் ஆவியாகிப் போய்விட்டது. இரண்டு தகடு ஒரே தகடாகிவிட்டது. இனி உடைந்தால் வேறு இடத்தில்தான் உடையும்.

உங்கள் அலுவலகக் கழிப்பறைக் குழாயைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். பிளம்பர் சொல்யூஷன் தடவிச் செருகுகிறாரே, அதுவும் பிவிசியைக் கரைத்து ஒன்றாக்கும் வேலைதான். இன்னும் பக்கத்தில் சாட்சி வேண்டுமானால் எங்கள் காந்தலைத் தாண்டி இந்து நகருக்கு வாருங்கள். 1960-ல் தொடங்கி, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் அங்கேதான் மூடிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் தியேட்டரில் படம் அறுந்தால் விசில் பறக்கும். ஆபரேட்டர் அறுந்த முனையில் மருந்துப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் ஒரு சொட்டு வைத்து அழுத்துவார். அசிடேட் ஃபிலிம் கரைந்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் பாலியெஸ்டர் ஃபிலிம் வந்தபோது அதே சிமென்ட் வேலைக்கு ஆகவில்லை. அது கரையாது, டேப்தான் போட வேண்டும். சிமென்ட் இருப்பு இருக்கிறது, அதையே போடு என்று எந்தத் தியேட்டர் முதலாளியும் ஆபரேட்டருக்குக் குறிப்பாணை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கிளைமாக்ஸ் இன்னும் வந்திருக்காது.

திறப்பு நாளுக்குத் திரும்புவோம். கூரை எழும்பியதும் உங்கள் ஊழியர் ஒருவர் பெட்டிக்கடைக்கு ஓடி ஐந்து ரூபாய் ஃபெவிக்விக் வாங்கிவந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அங்கே பசையைப் பற்றி யோசித்த ஒரே அரசு ஊழியர் அவர்தான். அந்தப் பசைக்கும் நல்ல வரலாறு உண்டு. 1942-ல் கோடக் கம்பெனியில் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது ஹாரி கூவர் கையில் இது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை செய்ததால் ஒதுக்கிவைத்தார்கள். 1958-ல்தான் விற்பனைக்கு வந்தது. வேலைக்கு ஆகாது என்று நிராகரித்ததையே பதினாறு வருடம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள் என்பதை, என் விலைப்புள்ளி இருக்கும் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

இந்தப் பசை காற்றின் ஈரத்தில் இறுகும். எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? நொடியில் பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தராது. கூரை கோணலாக நிற்பதற்கு அதுதான் காரணம். இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளைப் பொடியாகப் படியும். உங்கள் மூன்று பெட்டிகளிலும் ஜன்னல் மங்கியது அப்படித்தான். மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, "மூடுபனி எஃபெக்ட் பிரமாதம்" என்று பாராட்டியதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். இன்னொன்று: அந்த ஊழியர் பருத்திக் கையுறையோ கம்பளி மஃப்ளரோ போட்டிருந்து, அதில் பசை சிந்தாமல் போனது அவர் அதிர்ஷ்டம். நூலில் பட்டால் சுடச்சுடப் புகையும். எனக்கு இடது தொடையில் ஆதாரம் இருக்கிறது. தணிக்கைக்குக் காட்ட இயலாது.

அதிலும் கூரை நேராக நிற்காததால் யாரோ பிளம்பரின் சொல்யூஷன் டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சரியான திசையில்தான் போயிருக்கிறார்கள். ஆனால் வாளோடு முகம் மழிக்கப் போயிருக்கிறார்கள். அது மெல்லிய தகட்டைத் தின்றுவிடும். சிந்தியது மலையில் விழுந்தது. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், காற்றடைத்த பாலிஸ்டைரீன். கரைப்பான் பட்டால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றிய மாதிரி குழிந்துபோகும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் பாதையில் 16 சுரங்கங்கள் உண்டு. பதினேழாவது உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தெர்மாகோலுக்கும் அரசுப் பணிக்கும் ராசியில்லை என்பது 2017-ல் வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோலை மிதக்கவிட்டபோதே தெரிந்த விஷயம்.

வெள்ளைப் பசைக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். தெர்மாகோல் மலைக்கும் பிளைவுட் பலகைக்கும் அதுதான் சரி. சொல்யூஷன் விழும்வரை மலை அசையவில்லை, ரயில்தான் போயிற்று. ஜன்னல் கண்ணாடிக்கும் அதே வெள்ளைப் பசைதான் வேண்டும். ஊசிமுனையால் ஓரத்தில் புள்ளி வைத்தால் மங்காமல் பளிங்காகக் காயும். ஆக வெள்ளைப் பசை போட வேண்டிய ஜன்னலில் ஃபெவிக்விக்கின் ஆவியும், சிமென்ட் போட வேண்டிய கூரையில் வெள்ளைப் பசையும் போய்ச் சேர்ந்தன. உலோகச் சக்கரத்துக்கு இரண்டு டியூபையும் சரிபாதி கலந்து அரால்டைட். ஃபெவிக்விக் கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு மாதிரி நுணுக்கங்களுக்கு, அதுவும் குச்சி முனையில். நான் கேட்ட நான்கு வரி இவ்வளவுதான்.

இந்த நான்கிலும் அந்தத் திரவ சிமென்ட் மட்டும் பஜாரில் கிடைக்காது. தீப்பற்றும் திரவம் என்பதால் சாதாரணப் பார்சலாக விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வருகிற வழியில் வர வேண்டும். நான் கை பழகிய வெளிநாட்டு மாடல் கிட்களின் கதி இன்னும் மோசம். சுங்கப் பட்டியலில் அவை கிலுகிலுப்பையோடு 9503 என்ற ஒரே தலைப்பில் குடியிருப்பவை. 2020-ல் 20 சதவீத வரியை 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. அறுபதைத் தாண்டிய மனிதன் சுங்கத்தின் கணக்கில் பொம்மை வைத்து விளையாடுகிறான். 2024 மே முதல் மலைக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ் வேறு. பசைக்கும் தனியாகக் கேட்பார்களா என்று தங்கள் துறையில் யாராவது விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீங்கள் மாடல் செய்யச் சொன்ன ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குன்னூரிலிருந்து ஊட்டி வரை சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடியிலேயே அது ஏறிவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அந்தப் பிடி போதாது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே பாதையின் நடுவில் பல்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் பிடித்து ஏற வைத்தார்கள். 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. எங்கே எந்தப் பிடி என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் குழு இருந்திருந்தால், தண்டவாளம் என்ற ஒரே இனத்துக்கு எதற்கு இரண்டு வரி என்று பல்சட்டத்தை அடித்திருப்பீர்கள். ரயில் இன்னும் கல்லாறில் நிற்கும். 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுக்க யுனெஸ்கோக்காரர்கள் வந்து கல்லாறைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆகவே, பழுது நீக்கும் பணிக்கு என் விலைப்புள்ளியை இத்துடன் இணைத்திருக்கிறேன். பசைக்கு இம்முறையும் நான்கு வரி. தங்கள் நாலேகால் கிலோவில் ஐம்பது கிராம் எடுத்துக்கொள்கிறேன், மலைக்கும் ஜன்னலுக்கும். மீதியைப் பக்கத்துத் தச்சுப் பட்டறைக்குக் கொடுங்கள், கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். சிமென்ட் போடும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கரிநெருப்புச் சட்டி இருக்கக் கூடாது என்பது என் பக்க நிபந்தனை. டிசம்பரில் இதைக் கேட்டு எந்த ஊழியரும் கூட நிற்கமாட்டார். எனக்கும் அதுதான் நல்லது.

இப்படிக்கு,
நான்கு வரிக்காரன்,
காந்தல்.

இணைப்பு: 1. விலைப்புள்ளி. 2. திறப்பு நாளன்று என் காலடியில் உருண்டுவந்த புகைபோக்கி ஒன்று.

பி.கு.: இந்த உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். காகிதத்துக்கு அது போதும். ராத்திரி மிஞ்சிய சோறு என்பதால் செலவு ஏதுமில்லை. விதிப்படி மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரே பானை.